கமநிலமும் புதைபொருளும்: உலோகங்காட்டும் கருவியைப் பொறுப்புடன் பயன்படுத்தும் முறை

முன்னுரை

புத்தளம் மாவட்டத்திலே, மேற்கே கடலும் கிழக்கே களப்பும் சூழ வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. அதன் மேற்குக் கரையில் அமைந்த ஊர் தலவில. புனித அன்னம்மாள் திருத்தலத்தினால் இவ்வூர் நாடெங்கும் அறியப்பட்டது. இவ்வூரின் நிலமும் அயலூர்களின் நிலமும் மணற்பாங்கானவை. தென்னை இங்கு நெடுங்காலப் பயிர். கிணற்று நீரை இறைத்து மிளகாய், வெங்காயம், புகையிலை, மரக்கறி ஆகியன செய்கை பண்ணப்படுகின்றன.

மண்ணைத் தோண்டாது கமஞ்செய்தல் இயலாது. தென்னங்கன்று நடுவதற்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடியாகக் குழி வெட்டப்படுகிறது. ஈரத்தைக் காக்கும் பொருட்டு மரங்களுக்கிடையே பொச்சுமட்டைக் குழிகள் தோண்டப்படுகின்றன. கிணறு ஆழப்படுத்தப்படுகிறது, நீர்க்குழாய் புதைக்கப்படுகிறது. இவ்வேளைகளில் ஒரு பழைய காசோ, ஓட்டுத்துண்டோ, மட்பாண்டமோ வெளிப்படுதல் கூடும்.

அக்காலத்திற் பழம்பொருள்கள் தற்செயலாகவே வெளிப்பட்டன. இக்காலத்தில் அவற்றைத் தேடியே சிலர் வருகின்றனர். ஊர்வழக்கில் 'ஸ்கானர்' எனப்படும் உலோகங்காட்டும் கருவியுடன் தோட்டத்து வாயிலில் நின்று, "ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறோம், கிடைப்பதிற் பாதி உங்களுக்கு" என்று கேட்போர்க்குக் கமக்காரர் யாது விடை கூறுதல் வேண்டும்? கருவியினாற் கமத்துக்கு நன்மையுண்டா? நிலத்துக்கு வரக்கூடிய தீங்கு யாது? சட்டம் எதனை அனுமதிக்கிறது, எதனைத் தடுக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை கூறுவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

கருவியின் இயல்பு

கருவியின் அடியில் வட்டமான கம்பிச்சுருள் ஒன்று உண்டு. அதனூடாக மாறுமின்னோட்டம் செல்லும்போது காந்தப்புலம் உண்டாகி நிலத்தினுட் பரவும். அங்கு உலோகம் இருப்பின் அதனுள்ளும் சிறு மின்னோட்டங்கள் தோன்றும். அவை உண்டாக்கும் எதிர்க் காந்தப்புலத்தைச் சுருள் உணர்ந்து ஒலியாக அறிவிக்கும்.

இக்கருவியின் வரலாற்றிலேயே அதன் குறையும் விளங்கும். 1881ஆம் ஆண்டில் அமெரிக்கச் சனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவருடலிற் புகுந்த குண்டு எங்கே தங்கியுள்ளது என்பதை அறிய, தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்தினார். குண்டு அகப்படவில்லை. படுக்கையிலிருந்த உலோகக் கம்பிகள் கருவியைக் குழப்பியமை அதற்குரிய காரணங்களில் ஒன்றாகக் கூறப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் இது கண்ணிவெடி தேடும் கருவியாக வளர்ச்சியுற்றது. போருக்குப் பின்னரே பொதுமக்கள் கைக்கு வந்தது.

கமக்காரர் மனத்திற் கொள்ளவேண்டிய உண்மைகள் மூன்று.

முதலாவது, கருவி ஆழமாகக் காண்பதில்லை. காசு போன்ற சிறுபொருளைச் சாதாரணக் கருவி ஏறத்தாழ 1 அடிக்குள் மாத்திரமே உணரும். பெரும் பொருளாயின் சிறிது கூடுதலான ஆழத்தில் உணரலாம். "20 அடிக்குக் கீழே பொற்குடம் காட்டுகிறது" என்னும் பேச்சை நம்பலாகாது.

இரண்டாவது, கருவி பொன்னைத் தெரிந்து கூறுவதில்லை. சிறு பொன்னணிக்கு எழும் ஒலியும் கசங்கிய அலுமினியத் தாளுக்கு எழும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். விதைப்பொதி, பூச்சிமருந்துப் பொதி, பானத் தகரம், வலையிற் கட்டிய ஈயக்குண்டு, படகின் ஆணி ஆகிய எல்லாம் கரையோரத் தோட்டங்களில் ஒலியெழுப்பும்.

மூன்றாவது, உவர்நீர் ஊறிய மணலும் இரும்புச் சத்துள்ள கருமணலும் பொய்யொலி தரும். ஆதலால் கடற்கரையை அடுத்த நிலத்திற் கேட்கும் ஒலியை மாத்திரம் நம்பிக் குழி வெட்டுதல் வீண் உழைப்பாகும்.

கமத்தில் இதன் நற்பயன்

தகுந்த வேலைக்குப் பயன்படுத்தின் இக்கருவி கமத்துக்கு உதவக்கூடியதே.

1. மேய்ச்சல் நிலத்திலும் வைக்கோற் போருக்கு அண்மையிலும் கிடக்கும் ஆணி, கம்பித்துண்டு முதலியவற்றை மாடு தீனியுடன் விழுங்கிவிடுகிறது. அவை இரண்டாம் இரைப்பையிற் தங்கி, அதன் சுவரைத் துளைத்து, அண்மையிலுள்ள இருதயம் வரை சென்று மாட்டைக் கொல்லுவதுண்டு. வேலி பிடுங்கிய இடத்தையும் கொட்டில் இடித்த இடத்தையும் கருவிகொண்டு துப்புரவு செய்தல் நன்று.

2. உழவு இயந்திரத்தின் கலப்பைக்கும் சில்லுக்கும் கேடு செய்யும் இரும்புத் துண்டுகளை முன்னதாக அகற்றலாம்.

3. புதைந்துபோன இரும்புக் குழாய், வால்வு, எல்லையில் நட்ட இரும்பு முளை ஆகியவற்றின் இடத்தை அறியலாம். எல்லை முளையை இடம்பெயர்த்தல் ஆகாது. எல்லைபற்றிய பிணக்கை நில அளவையாளரே தீர்த்தல் வேண்டும்.

4. வேலைசெய்யும்போது மணலில் வீழ்ந்த மோதிரம், தாலிக்கொடி, திறப்பு முதலியவற்றைத் தேடலாம். திருவிழாக் காலங்களில் யாத்திரிகர் திரளாக வந்து தங்கிச்செல்லும் ஊராதலின், பிறர் தொலைத்த அணியும் தோட்டத்தில் அகப்படலாம். அதனை உரியவரிடம் சேர்த்தல் வேண்டும்; உரியவரை அறியாவிடின் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.

இவ்வேலைகள் யாவும் மேல்மண்ணில், ஒரு சாண் இருசாண் ஆழத்துக்குள் முடிவன. இதனைக் கடந்து ஆழத் தோண்டவேண்டும் என்று எவரேனும் கூறுவராயின், அவர் தேடுவது வேறொன்று என்பது தெளிவு.

இந்நிலத்தின் பழமை

இக்கரை நெடுங்காலமாகக் கடல் வாணிகம் நிகழ்ந்த கரை. போர்த்துக்கேயர் கற்பிட்டியைக் கைக்கொண்டிருந்தனர். பின்னர் ஒல்லாந்தர் அதனைப் பற்றினர். கற்பிட்டியில் இன்றும் நிற்கும் கோட்டை 1667ஆம் ஆண்டிற்கும் 1676ஆம் ஆண்டிற்கும் இடையில் ஒல்லாந்தராற் கட்டப்பட்டது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அடையாளம் பொறித்த செப்புக்காசுகள் இலங்கைக் கரையோரத்தில் வழங்கின. அக்காசின் பெயரே தமிழிற் 'துட்டு' என்று நிலைத்துவிட்டது என்பர்.

கோட்டைக்கு முந்திய காலமும் உண்டு. களப்புக்கு வடகிழக்கே, பெருநிலப்பரப்பில் உள்ள பொம்பரிப்பு என்னுமிடத்தில் முதுமக்கட் தாழிகள் கண்டறியப்பட்டு, 1956–57ஆம் ஆண்டுகளிலும் 1970ஆம் ஆண்டிலும் அகழ்ந்து ஆராயப்பட்டன. அத்தாழிகளைத் தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூர்த் தாழிகளுடன் அறிஞர் ஒப்பிட்டுள்ளனர். வடக்கே மன்னாரில் மாந்தைத் துறைமுகம் 1980ஆம் ஆண்டு முதல் 1984ஆம் ஆண்டு வரை அகழப்பட்டது. சீனம் முதல் மேற்காசியா வரையுள்ள நாடுகளின் பாண்டங்கள் அங்கே வெளிப்பட்டன.

இவ்விரு இடங்களுக்கும் அணித்தாயுள்ள ஒரு கரையில், கமக்காரரின் மண்வெட்டிக்குப் பழம்பொருள் அகப்படுதல் வியப்பன்று. அஃது அகப்படும் நாளில் அவர் செய்யும் செயலே, அதிலிருந்து ஒரு வரலாறு கிடைக்குமா, ஒரு துண்டுச் செம்பு மாத்திரம் எஞ்சுமா என்பதை முடிவு செய்கிறது.

கிடந்த இடத்தின் பெறுமதி

பழம்பொருளின் பெறுமதி பொருளில் மாத்திரம் இல்லை. அது கிடந்த இடத்திலும் ஆழத்திலும் அயலிற் கிடந்தவற்றிலும் உள்ளது. இதனைச் சில உதாரணங்கள் விளக்கும்.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஆனைக்கோட்டையில், 1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில் ஒரு புராதன முத்திரை கிடைத்தது. அதிற் குறியீடுகளும் பிராமி எழுத்துகளும் இருந்தன. அது பெருங்கற்கால ஈமத்தில், மனித எலும்புக்கூட்டுடன் கிடந்தமையாலேயே அதன் காலத்தையும் அதனை வைத்திருந்தவரின் நிலையையும் பற்றிச் சிந்திக்க முடிந்தது. அதனை ஒருவர் இரவிலே தோண்டிச் சட்டைப்பையில் இட்டுச் சென்றிருப்பின், அது பெயரறியாத ஒரு சிறு துண்டாகவே இருந்திருக்கும்.

தமிழ்நாட்டில், மதுரைக்கு அண்மையிலுள்ள கீழடி தலவிலக் கமக்காரர்க்கு நன்கு விளங்கும் உதாரணம். அதுவும் தனியார்க்குரிய தென்னந்தோப்புகள் நிறைந்த நிலமே. 2015ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்வைத் தொடங்கியது. பின்னர் தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறை அதனைத் தொடர்ந்தது. நிலவுடைமையாளர் இசைவுடன் தென்னைகளுக்கு இடையே குழிகள் அளந்து வெட்டப்பட்டன. செங்கற் கட்டடங்களும், தமிழ்ப் பிராமியில் ஆட்பெயர் கீறிய பானையோடுகளும் வெளிப்பட்டன. அவ்வோடுகள் உலோகமல்ல, உலோகங்காட்டும் கருவி அவற்றின்மேல் எத்தனை முறை சென்றாலும் ஒலியெழுப்பாது. காசு ஒன்றைத் தேடி விரைந்து தோண்டுபவன் இத்தகைய ஓடுகளையே முதலில் உடைத்தெறிவான்.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது வேறொரு பாடம். 1992ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சஃபோக் பகுதியிலுள்ள ஹொக்ஸ்ன் என்னும் ஊரிற் குத்தகைக் கமக்காரர் ஒருவர் தமது சுத்தியலை வயலிற் தொலைத்துவிட்டார். கருவி வைத்திருந்த நண்பரிடம் அதனைத் தேடித்தருமாறு கேட்டார். நண்பர் தேடியபோது உரோமர் காலப் பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளும் வெளிப்பட்டன. அவர் சிறிதளவே எடுத்த நிலையில் தோண்டுதலை நிறுத்தி, உரியவர்களுக்கு அறிவித்தார். ஆய்வாளர்கள் வந்து எஞ்சியதை ஒழுங்காக எடுத்தனர். ஏறத்தாழ 15,000 காசுகளும் 200 வரையிலான பொன், வெள்ளிப் பொருள்களும் கிடைத்தன. மரப்பெட்டி உக்கிப்போயிருந்தும், பூட்டுகளும் பிணைச்சல்களும் கிடந்த இடத்தைக்கொண்டு பெட்டி எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தது என்பதையும் அறிந்தனர். கண்டவர்க்கு 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் வழங்கப்பட்டது. அவர் அதனைக் கமக்காரருடன் பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் பின்னர் கிடைத்து, இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது.

இங்கிலாந்தின் சட்டம் வேறு. இலங்கையின் சட்டம் வேறு. அங்கு நிலவுடைமையாளரின் அனுமதியுடன் பொழுதுபோக்காகக் கருவி கொண்டு தேடலாம், இலங்கையில் அவ்வாறன்று. ஆயினும் கண்டவுடன் நிறுத்துதல், உடனே அறிவித்தல் என்னும் இரண்டு ஒழுக்கங்களும் எந்நாட்டிற்கும் பொதுவானவை.

சட்டம் கூறுவது

இலங்கையில் இவ்விடயம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தினால் ஆளப்படுகிறது. 1998ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. கமக்காரர் அறிந்திருக்கவேண்டிய பகுதிகள் பின்வருமாறு:

1. 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் திகதிக்கு முற்பட்டதாகக் கருதத்தக்க பொருள் தொல்பொருளாகும். கண்டி உடன்படிக்கை செய்யப்பட்ட நாளே இவ்வெல்லை. எனவே ஒல்லாந்தர் துட்டு தொல்பொருள். 1870 என்னும் ஆண்டு பொறித்த விக்டோரியா மகாராணியின் சதம், பழையதாயினும், இக்கால எல்லைக்குப் பிற்பட்டது.

2. நிலத்தின் மேலோ அடியிலோ இதுவரை கண்டறியப்படாது கிடக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. நிலத்தின் உறுதி ஒருவர் பெயரில் இருப்பதனால் அதனடியிற் கிடக்கும் தொல்பொருளும் அவர்க்கு உரியதாகிவிடாது.

3. தொல்பொருளைக் கண்டெடுக்கும் நோக்கத்துடன் அகழ்வதற்குத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். தம்முடைய சொந்த நிலத்தில் அகழ்பவர்க்கும் இவ்விதி பொருந்தும். இதுவே பலர் அறியாத விதி.

4. தற்செயலாகத் தொல்பொருள் கண்டவர் அதனைத் தாமதமின்றி உரியவர்க்கு அறிவித்தல் வேண்டும்.

5. தொல்பொருளை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புதல் குற்றமாகும்.

ஆகவே, "நிலவுடைமையாளர் சம்மதித்தார்" என்பது புதையல் தேடுபவர்க்கு ஒருபோதும் போதிய அரணாகாது. தேடியவருடன் சம்மதித்தவரும் விசாரணைக்கு உட்படலாம். கிடைப்பதிற் பாதி தருவதாக வாக்களிப்பவர், தமக்கு உரியதல்லாத பொருளிற் பங்கு தருவதாகவே வாக்களிக்கிறார்.

கமத்தேவைக்காகவேனும் கருவியொன்றை வாங்கவோ வரவழைக்கவோ விரும்புபவர், அதற்கு எவ்வனுமதி வேண்டும் என்பதைப் பொலிஸ் நிலையத்தில் முன்னதாகக் கேட்டறிந்துகொள்ளுதல் நன்று.

முறையற்ற தோண்டலால் நிலத்துக்கு வரும் கேடு

தென்னைக்கு ஆணிவேர் இல்லை. அடிமரத்திலிருந்து புறப்படும் நூற்றுக்கணக்கான வேர்களே மரத்தைத் தாங்கி உணவூட்டுகின்றன. அவற்றுள் உணவை உறிஞ்சும் வேர்களிற் பெரும்பாலானவை மரத்தைச் சுற்றி ஏறத்தாழ 6 அடிக்குள், மேல்மண்ணை அடுத்துப் பரவியுள்ளன. பசளையிடும் வட்டமும் இதுவே. இவ்வட்டத்தினுட் குழி வெட்டினால் அறுபடும் வேருக்கு ஈடாக, வரும் பருவங்களில் குரும்பை உதிரும். காயின் எண்ணிக்கை குறையும்.

மணல் நிலத்தில் வளம் உள்ள பகுதி மேலே உள்ள மெல்லிய படையே. ஆண்டுக்கணக்கில் எருவும் குழையும் இட்டு உண்டாக்கிய இப்படையை அடிமணலுடன் கலந்துவிட்டால், மீண்டும் அதனை ஆக்குவதற்குப் பல போகங்கள் செல்லும்.

நிலத்தடி நீரும் கவனிக்கற்பாலது. இக்குடாநாட்டில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையாக, நிலமட்டத்துக்கு அண்மையிலேயே கிடக்கிறது. ஆழத் தோண்டிய குழியில் நீர் ஊறும். மூடாது விடப்பட்ட குழியினூடாக மழைநீருடன் உரமும் அழுக்கும் நேரே அந்நீரிற் கலக்கும். அயலவர் குடிக்கும் கிணற்று நீரும் அதுவே. மணல்வழியே உரம் நிலத்தடி நீரைச் சேருதல் இக்குடாநாட்டில் ஏற்கெனவே அறியப்பட்ட குறைபாடு.

எல்லாவற்றினும் பெரிது உயிர்ச்சேதம். ஈரமணற் குழியின் சுவர் எவ்வித அறிகுறியுமின்றிச் சரியும். இடுப்பளவு ஆழத்தைக் கடந்த, முட்டுக் கொடாத மணற்குழியில் எவரும் இறங்கலாகாது. மூடாத குழியில் மாடும் குழந்தையும் வீழ்தல் கூடும்.

அனுமதி கேட்டு வருவோரிடம் கடைப்பிடிக்கவேண்டியவை

தொலைந்த பொருளையோ இரும்புத் துண்டையோ தேடுவதற்காகக் கருவியுடன் ஒருவரை அழைக்கும்போது பின்வரும் ஒழுங்குகள் இருதரத்தார்க்கும் நன்மை பயக்கும்.

1. அனுமதி எழுத்தில் இருத்தல் வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், நாள், நேரம், தேடும் பொருள், தேடும் இடம் ஆகியன குறிக்கப்படுதல் வேண்டும்.

2. நிலம் குத்தகையிலோ பங்கிலோ இருப்பின் உடைமையாளர், செய்கையாளர் இருவரும் சம்மதித்தல் வேண்டும். பலர்க்குப் பொதுவான உறுதி நிலமாயின் ஒருவர் தனியே அனுமதி கொடுத்தலாகாது.

3. தேடுதல் பகலில், உடைமையாளர் அல்லது அவரால் அமர்த்தப்பட்டவர் முன்னிலையில் நிகழ்தல் வேண்டும். இரவிலே தேட விரும்புபவர்க்கு அனுமதி மறுத்தல் வேண்டும்.

4. பயிர் நிற்கும் பாத்தியிலும், தென்னையின் பசளை வட்டத்திலும், கிணற்று ஓரத்திலும், வாய்க்கால் வரம்பிலும் தோண்டலாகாது. அறுவடைக்குப் பின், அடுத்த செய்கைக்கு முன் உள்ள இடைக்காலமே தேடுதற்கு ஏற்றது.

5. மண்கிண்டும் இயந்திரத்தை எக்காரணம்கொண்டும் உள்ளே விடலாகாது.

6. கோவில், தேவாலயம், பள்ளிவாசல், மயானம், பழைய கட்டடச் சிதைவு ஆகியவற்றை அடுத்த நிலத்தில் தேடுதலே ஆகாது.

7. வெளிப்படும் பொருள் யாதாயினும் அதனை முதலில் உடைமையாளருக்குக் காட்டுதல் வேண்டும்.

தோண்டும் முறை

ஒலி கேட்ட இடத்தை இரு திசையிலும் குறுக்காகச் சென்று சரிபார்த்து ஒரு குச்சியால் அடையாளமிடுக. அருகே ஒரு சாக்கை விரித்துக்கொள்க. மண்வெட்டியையோ அலவாங்கையோ ஓங்கிப் போடாது, மேசன்மார் பயன்படுத்தும் சிறு கரண்டியால் மேல்மண்ணை எடுத்துச் சாக்கின் ஒரு புறத்தில் வைக்க. அடிமணலை மறு புறத்தில் வைக்க. பொருள் அகப்பட்டதும் அடிமணலை முதலில் இட்டு மிதித்து, மேல்மண்ணை அதன்மேற் பரப்புக. சிறிது நீர் தெளித்து மூடாக்கு இடுக. மறுநாள் வருபவர்க்கு அங்கே குழி இருந்தது தெரியாதபடி நிலம் அமைந்திருப்பதே செவ்விய வேலைக்கு அடையாளம்.

எடுத்த ஆணி, தகரம், கம்பி ஆகியவற்றை மீண்டும் மண்ணில் எறியாது, ஒரு கடகத்திற் சேர்த்து அகற்றுக.

1 அடி ஆழத்திற்குள் பொருள் அகப்படாவிடின் தோண்டுதலை நிறுத்துக. கமத்தேவைக்கு அதற்கு மேல் ஆழம் வேண்டியதில்லை.

பழம்பொருள் வெளிப்படின் செய்யவேண்டியவை

பானையோட்டுக் குவியல், செங்கல் வரிசை, எலும்பு, மணி, எழுத்துள்ள காசு, தாழியின் விளிம்பு ஆகியவற்றுள் எதுவாயினும் வெளிப்படின்:

முதலாவதாக, தோண்டுதலை அவ்விடத்திலேயே நிறுத்துக. கிணறு வெட்டும் வேலையாயினும், குழி வெட்டும் கூலியாட்கள் காத்திருப்பினும், நிறுத்துதலே முறை.

இரண்டாவதாக, வெளியே எடுக்காத பொருளை எடுக்காது விடுக. ஏற்கெனவே வெளிவந்த பொருளைக் கழுவுதலும், தேய்த்தலும், புளியிட்டு மினுக்குதலும் ஆகா. செம்புக் காசின் பச்சைப் படையைச் சுரண்டினால் எழுத்தும் உடன் அழியும். உலர்ந்த தாளிற் சுற்றி, கிடந்த குழியின் மணலிற் சிறிதளவுடன் பெட்டியொன்றில் வைக்க.

மூன்றாவதாக, இடத்தைக் குறித்துக்கொள்க. வேலியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் உள்ள தூரத்தை அளந்தும், மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் என்பதையும் எழுதுக. கைத்தொலைபேசி இருப்பின், ஓர் அடிமட்டத்தை அருகில் வைத்து ஒளிப்படம் எடுக்க.

நான்காவதாக, குழியைத் தென்னோலையால் மூடி, அறிவித்தலைச் செய்க. கிராம அலுவலர், கற்பிட்டிப் பிரதேச செயலகம், அண்மையிலுள்ள பொலிஸ் நிலையம், தொல்பொருளியல் திணைக்களம் ஆகிய இடங்களுள் ஒன்றில் அறிவிக்கலாம். அறிவித்தமைக்கு எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்க. கண்டவர்க்கும் நிலவுடைமையாளருக்கும் உரிய வெகுமதிபற்றியும் அப்பொழுதே திணைக்களத்திடம் எழுத்திற் கேட்டறியலாம்.

அறிவித்தால் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்னும் அச்சம் காரணமாகவே பலர் கண்டதை மறைத்துவிடுகின்றனர். கீழடியில் அகழ்ந்த குழிகள் பல ஆய்வு முடிந்தபின் மூடப்பட்டன என்பது இங்கு நினைக்கத்தக்கது. மறைத்த பொருளோ விற்கவும் இயலாது, வெளியே காட்டவும் இயலாது, வீட்டிலே அச்சத்தை வளர்க்கும்.

வெடிபொருள் பற்றிய எச்சரிக்கை

கருவி காட்டும் உலோகம் எல்லாம் தீங்கற்றதன்று. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னரும் வட மாகாணத்திற் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகள் நடைபெற்றது. புத்தளக் கரையோரத்தார் மன்னார் முதலிய இடங்களில் நிலம் வாங்கிச் செய்கை பண்ணும்போது இதனை மறத்தலாகாது. குண்டு, எறிகணை, கம்பி பொருத்திய பெட்டி போன்ற எதனையும் தொடாது, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, அவ்விடத்துக்கு எவரையும் செல்லவிடாது, 119 என்னும் இலக்கத்திற் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

புதையல் ஆசை

மை பார்த்தல், பலியிடுதல், மந்திரித்தல் என்னும் பழைய ஏமாற்று இன்று கருவியையும் துணையாகக் கொண்டுள்ளது. முன்பணம் பெற்று, கருவியை ஒலிக்கச்செய்து, "இன்னும் ஆழம் வேண்டும்" என்று கூறி மேலும் பணம் பெறுவது இதன் வழக்கமான போக்கு. புதையல் தோண்டச் சென்றோர் கைதான செய்திகள் நாளேடுகளில் அடிக்கடி வருகின்றன. அவர்கள் பின்னே விட்டுச்செல்வது வெட்டுண்ட வேர்களும், திறந்த குழியும், நிலவுடைமையாளருக்கு ஒரு வழக்குமே.

இதற்கு மாறாக, 25 தென்னைகளுக்குப் பொச்சுமட்டைக் குழி வெட்டிய உழைப்பு, வறட்சிக் காலத்தில் அம்மரங்களின் ஈரத்தைக் காத்து, பல ஆண்டுகள் பயன்தரும். தோண்டும் ஆற்றலைக் கமக்காரர் இடவேண்டிய இடம் அதுவே.

நினைவிற் கொள்ளவேண்டியவை

• நிலத்தில் நுழைய உடைமையாளரின் அனுமதி வேண்டும். தொல்பொருள் தேடி அகழ அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

• சொந்த நிலமாயினும் இச்சட்டம் பொருந்தும்.

• கமத்தேவைக்கு 1 அடி ஆழம் போதும். தென்னையைச் சுற்றி 6 அடிக்குள் தோண்டலாகாது.

• மேல்மண் வேறு, அடிமணல் வேறு. எடுத்த முறைக்கு எதிர்முறையில் இட்டு மூடுக.

• பழம்பொருள் கண்டால்: நிறுத்துக, எடுக்காது விடுக, குறித்துக்கொள்க, அறிவிக்க.

• வெடிபொருளெனத் தோன்றினால் தொடாது 119க்கு அறிவிக்க.

முடிவுரை

தலவில நிலத்தைத் தந்தை வழியே பெற்றவர், அதனைத் தம் மக்களுக்கு ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். மேலேயுள்ள வளமண்ணும், கீழேயுள்ள நன்னீரும், அவ்விரண்டுக்கும் இடையே முன்னோர் விட்டுச்சென்ற அடையாளங்களும் சேர்ந்ததே அவ்வுரிமை. கருவியைக் கமத்தேவைக்கு அளவாகப் பயன்படுத்தி, பழம்பொருள் தோன்றின் கையை நிறுத்தி அறிவிக்கும் கமக்காரர், தமது தோட்டத்துடன் இக்கரையின் வரலாற்றையும் காத்தவராவார். செய்கை தொடர்பான மேலதிக ஆலோசனையை அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம். 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் கேட்டறியலாம்.